பட்டத்துக்கு முன்னால் ஒரு பள்ளம்

செத்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. டெட்மர் ஊரில் கல்லறைக் கல் செதுக்கிப் பிழைக்கிறவன் நான். எனக்குச் சோறு போடுகிறவர்களே அவர்கள்தான். எழுத்து சின்னதாக இருக்கிறது, மெருகு பத்தவில்லை என்று ஒருவர்கூடத் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. என் வயிற்றெரிச்சல் எல்லாம் உயிரோடு இருப்பவர்கள் மேல், அதிலும் கமிட்டி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் மேல்.

ஓஹையோவின் இந்த மூலையில் கல்லில் வெறும் பெயரும் தேதியும் போட்டால் யாருக்கும் திருப்தி வராது. பன்றிப் பண்ணை வைத்திருந்தவருக்குப் பன்றி வேண்டும். சோயா விதைத்தவருக்குப் பச்சை டிராக்டர் வேண்டும், அதுவும் எந்த வருஷத்து டிராக்டர் என்று பார்த்ததும் தெரிய வேண்டும். பௌலிங்கில் கோப்பை வாங்கிய பல் டாக்டருக்குப் பந்தும் கட்டைகளும் செதுக்கினேன். பல் ஒன்றும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டுச் செத்தார். நான் எதற்கும் மறுப்பு சொன்னதில்லை.

ட்வைலா ஸ்டக்கிக்கு டிராக்டரும் வேண்டாம், பன்றியும் வேண்டாம். அவள் வீடு வாங்கி விற்றுக் கொடுப்பவள். தரகர் என்று எழுதினால் எழுந்து வந்து என்னைத் திட்டுவாள். அவள் ஹோம்வார்டன். இந்த மாநிலத்தில் வீட்டுத் தரகர்களுக்கென்று ஒரு பேரவை இருக்கிறது, அதில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் உள்ள பட்டம் அது. பேரவை அதைத் தன் சொத்தாகவே பதிவு செய்து வைத்திருக்கிறது. ஜனங்களோ வீடு விற்கிற யாரைப் பார்த்தாலும் ஹோம்வார்டன் என்று கூப்பிடுகிறார்கள். பேரவைக்கு இருக்கிற ஒரே துக்கம் இதுதான். வேறு எந்தத் துக்கமும் அதற்கு இருந்ததாக நான் பார்த்ததில்லை.

ட்வைலா எப்படி வேலை செய்வாள் என்பது எனக்குத் தெரியும். நானும் என் மனைவியும் மில் தெருவில் ஒரு செங்கல் வீட்டைப் பார்த்து மயங்கிக் கிடந்தோம். அன்றே கையெழுத்துப் போடத் தயார். ட்வைலா மட்டும் பேஸ்மென்டுக்கு இறங்கி, விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் நின்று மூக்கை உறிஞ்சினாள். மேலே வந்து சொன்னாள்: "ஆர்லன், இந்த வீட்ட வாங்காத. கீழ தண்ணி ஏறி எறங்கியிருக்கு. பாவி, பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்கான்."

"பெயின்ட் நல்லாத்தானே இருக்கு?"

"பெயின்ட்ல குடியிருக்கப் போறியா?"

அன்றைக்கு அவளுக்கு வர வேண்டிய கமிஷன் போயிற்று. பிறகு அந்த வீட்டை வாங்கினவர் மழை வந்தபோதெல்லாம் பம்ப்பும் கையுமாக நின்றார். இந்த ஊரில் பாதிப் பேரிடம் இப்படி ஒரு கதை இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது புருஷன் வெர்லினிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "கல்லுல என் வேலையப் போடு. நல்லா செஞ்சேன்னு போடு. பொய் ஒண்ணும் இல்லையே?"

"பொய் இல்ல" என்றார் வெர்லின். அவரும் அதே தொழில், அதே பட்டம், ஒரே அலுவலகம். அவர் கதவைத் திறந்து காட்டுவார், அவள் உள்ளே போய் மோந்து பார்ப்பாள். வெர்லினுக்கு சைனஸ், மூக்குக்கு நேரே ஒரு பன்றி நின்றாலும் வாசனை தெரியாது.

வீட்டு வாசலில் நட்டு வைக்கும் விற்பனைப் பலகையின் வடிவத்திலேயே கல்லை வெட்டினேன். 'ட்வைலா ஸ்டக்கி, நல்ல ஹோம்வார்டன்' என்று செதுக்கினேன். கல் நட்ட அன்று சர்ச் கூடத்தில் பன்றித் தொடைக்கறியும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கும் பச்சை ஜெல்லியும் தின்றோம். வெர்லின் இரண்டாம் முறை தட்டை நிரப்பினார். அவர் மனசு ஆறிவிட்டது என்று நான் நினைத்தேன்.

ஜூன் மாதம் பேரவையிலிருந்து கெண்ட்ரா வான்டர்ஹூவன் என்ற பெண் வந்தாள். பட்டப் பாதுகாப்புப் பிரிவில் அலுவலர். சின்ன வயசு, சாந்தமான முகம், மரியாதையான பேச்சு. கல்லறைத் தோட்டத்தில் வெர்லின் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்துக் கல்லை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். முதலில் பேரவை சார்பில் ஒரு அனுதாப அட்டையைக் கொடுத்தாள். பிறகு கல்லைப் பல பக்கத்திலிருந்து போட்டோ எடுத்தாள்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மிஸ்டர் ஸ்டக்கி. உங்க மனைவி ஒரு ஹோம்வார்டன்" என்றவள், அந்தச் சொல்லுக்குப் பிறகு சற்று நிறுத்தி, ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு சின்ன வட்டம் போட்டாள்.

கொசுவை விரட்டுகிறாள் என்று நினைத்தேன். வெர்லின்தான் என் காதில் சொன்னார்: "பட்டத்துக்குப் பக்கத்துல எப்பவும் வட்ட முத்திரை இருக்கணும். வாயால சொல்றப்ப முத்திரைய எப்படிச் சொல்றது? அதான்."

கெண்ட்ரா தொடர்ந்தாள். "ஒரு உறுப்பினர் அவங்க அப்பாவுக்குப் பூ வைக்க வந்தப்ப இந்தக் கல்லப் பாத்திருக்காங்க. மனசு கேக்காம எங்களுக்கு போட்டோ அனுப்பிட்டாங்க. இதுல சில மீறல் இருக்குங்க. முதல்ல, முத்திரை இல்ல."

"அது சின்ன வட்டம்தானேம்மா. ஆர்லன் போட்டுடுவான்."

"சந்தோஷம். அடுத்தது, பட்டத்த உறுப்பினர் மட்டும்தான் பயன்படுத்தலாம். உங்க மனைவி மார்ச் மாசம் உறுப்பினர் நிலையிலேருந்து விலகிட்டாங்க."

"விலகலம்மா. செத்துப் போனா."

"புரியுதுங்க. ஆனா எங்க விதியில அதுக்குத் தனிப் பிரிவு இல்ல. விலகினவங்கன்னுதான் வரும்." அவள் குரல் இன்னும் மென்மையாயிற்று. "கடைசிதான் கொஞ்சம் பெரிய விஷயம். அந்த 'நல்ல'."

"அதுல என்ன தப்பு?"

"பட்டத்துக்கு முன்னால எந்த அடைமொழியும் வரக் கூடாதுங்க. ஒருத்தர நல்ல ஹோம்வார்டன்னு போட்டா," வட்டம், "நல்லா இல்லாத ஹோம்வார்டனும்," வட்டம், "இருக்காங்கன்னு ஜனங்க நினைச்சுக்குவாங்க."

"இருக்காங்களே" என்றேன் நான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க உறுப்பினரா சார்?"

"இல்ல."

"அப்ப அந்தச் சொல்ல நீங்க பயன்படுத்தவே கூடாது."

"நான் எங்கம்மா பயன்படுத்தினேன்? 'இருக்காங்களே'ன்னு மட்டும்தானே சொன்னேன்."

"அர்த்தத்துல பயன்படுத்திட்டீங்க" என்று குறித்துக்கொண்டாள்.

கல்லைத் திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்று வெர்லின் கேட்டார். விற்பனைக்கு இருக்கிற ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சாவிப் பெட்டி தொங்கும். உறுப்பினர் தன் போனைக் காட்டினால்தான் அது திறக்கும். வெர்லினின் போன் இனிமேல் எந்தப் பெட்டியையும் திறக்காது என்றாள் கெண்ட்ரா. அப்படியானால் அவர் வாடிக்கையாளரைக் கூட்டிப் போய் வாசலில் நிறுத்தி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டியதுதான். அவர் வயசில் வேறு தொழில் யார் கொடுப்பார்கள்?

"மேல்முறையீடு பண்ணலாங்க" என்றாள் கெண்ட்ரா. "எங்ககிட்டயேதான் பண்ணணும்."

பேரவையின் ஆண்டுக் காலை விருந்தோடு சேர்த்து விசாரணையை வைத்தார்கள். கொலம்பஸில் ஒரு ஹோட்டல் கூடம். கல் செதுக்கினவன் என்று என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். பான்கேக் பரிமாறினார்கள். உறுப்பினர்களின் பான்கேக்கில் வட்ட முத்திரையைச் சூடு போட்டுப் பதித்திருந்தார்கள். எனக்கு முத்திரை இல்லாத வெறும் பான்கேக் வந்தது. பசியில் இருந்ததால் அவமானத்தைச் சாப்பிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எல்லோரும் எழுந்து, ஒரு விற்பனைப் பலகையின் மேல் கை வைத்திருந்த தலைவரைப் பார்த்து உறுதிமொழி சொன்னார்கள். அதில் பட்டத்தின் பெயர் எத்தனையோ தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் கூடம் முழுக்க விரல்கள் வட்டம் போட்டன. சிரப் ஒட்டிய விரல்கள். வெர்லினும் போட்டார். பழக்கம்.

தலைவர் பெயர் வெண்டல் பிராக்ஸ்டன். நல்ல உயரம், நல்ல பல், நல்ல தொண்டை. அடைமொழி எதுவும் பட்டத்துக்கு முன்னால் வரவில்லை என்பதைக் கவனிக்கவும்.

"நண்பர்களே!" என்றார். "வீடு வாங்கி ஏமாந்துட்டோம்னு போன வருஷம் நமக்கு வந்த புகார் கொஞ்சநஞ்சமில்ல. அதையெல்லாம் பிரிச்சுப் பாக்க நமக்கு நேரமில்ல. ஏன்? நாம பட்டத்தக் காப்பாத்திக்கிட்டிருந்தோம்!"

கைதட்டல்.

"பட்டம் எதுக்குன்னு கேக்குறாங்க. ஜனங்க நம்மள நம்புறதுக்கு. நம்மள எதுக்கு நம்பணும்னு கேக்குறாங்க. நம்மகிட்ட பட்டம் இருக்கே, அதுக்கு! இதுல எங்கயாவது ஓட்டை தெரியுதா? ஒரு வீட்டோட கூரை ஒழுகலாம் நண்பர்களே. சுவர் இடிஞ்சு விழலாம். பட்டம் ஒழுகக் கூடாது!"

எழுந்து நின்று தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு வெர்லினைக் கூப்பிட்டார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மைக் முன்னால் நின்றார். பின்னால் திரையில் ட்வைலாவின் கல். 'நல்ல' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்புக் கோடு.

"ஐயா, அந்த 'நல்ல' பட்டத்துக்குப் போட்டதில்ல. அவளுக்குப் போட்டது."

பிராக்ஸ்டன் முகம் மலர்ந்தது. "ரொம்ப சுலபமாப் போச்சே! பட்டத்த எடுத்துட்டு 'நல்ல பொம்பள'ன்னு போட்டுக்குங்க. பேரவைக்கு ஆட்சேபமே இல்ல."

வெர்லின் நன்றாக யோசித்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அப்படிச் சொல்ல முடியாதுங்களே. அவ கோவக்காரி. என் தங்கச்சியோட பேச்சுவார்த்தையே இல்ல. பக்கத்து வீட்டு நாய் மேல செருப்ப எறிஞ்சிருக்கா. வேலையிலதாங்க அவ நல்லவ."

"மத்த உறுப்பினரவிட நல்லவங்களா?"

இத்தனை பேர் முன்னால் என்ன சொல்வார்? அவர்களில் பாதிப் பேரை அவருக்குத் தெரியும். மில் தெரு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னவன் முன்வரிசையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"தெரியலங்க" என்றார் வெர்லின். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மில் தெரு வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அது உறுப்பினர் ஒருவரைப் பற்றிய தகவல், புகார்ப் பிரிவுக்குத்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். புகார்ப் பிரிவு எங்கே என்று கேட்டேன். நேரமின்மையால் மூடியிருக்கிறது என்றார்கள்.

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. பேரவை கருணையுள்ளது. ட்வைலாவை விலகினவர் என்று விட்டுவிடாமல் 'நிரந்தர ஓய்வு உறுப்பினர்' என்று புதிதாக ஒரு வகுப்பு உண்டாக்கி அதில் சேர்த்தார்கள். பட்டம் கல்லில் இருக்கலாம். முத்திரை சேர்க்க வேண்டும். கல் சாலையிலிருந்து தெரிவதால் அது விளம்பரம் ஆகிறது. விளம்பரம் என்றால் அலுவலகத்துத் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். 'நல்ல' போக வேண்டும். நிரந்தர ஓய்வு உறுப்பினராக இருந்தாலும் ஆண்டுதோறும் தொழில் ஒழுக்க வகுப்பில் கலந்துகொள்வது கட்டாயம்.

"அவ எப்படிங்க வருவா?" என்றார் வெர்லின்.

"பிரதிநிதிய அனுப்பலாம்" என்றார் பிராக்ஸ்டன், பெருந்தன்மையாக.

அந்த வருஷம் வெர்லின் வகுப்புக்கு இரண்டு தடவை போனார். ஒரு தடவை தன் பெயர் அட்டையை மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை ட்வைலாவின் பெயர் அட்டையை மாட்டிக்கொண்டு. "ட்வைலா, உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று ஆசிரியர் அவரைப் பார்த்துக் கேட்டாராம். இல்லை என்றாராம். பரீட்சையில் ட்வைலா தேறினாள். வெர்லின் தேறவில்லை, மறுபடி எழுத வேண்டியிருந்தது.

'நல்ல'வை அழித்த நாளைப் பற்றி எனக்கு வேடிக்கையாகச் சொல்ல வரவில்லை. கிரானைட்டில் செதுக்கினதை ரப்பர் வைத்தா அழிக்க முடியும்? எழுத்தின் ஆழம் வரைக்கும் கல்லைத் தேய்த்து எடுக்க வேண்டும். வெர்லின் கொஞ்சம் தள்ளி நின்றார். மிஷினைப் போட்டதும் ஏதோ சொன்னார். காதில் விழாமல் நிறுத்தினேன்.

"மெதுவா ஆர்லன்" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அழுகை வந்தது. கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லலாமென்றால் கண்ணாடியும் முகமூடியும் போட்டிருந்தேன். அவளுக்கு நானும்தான் கடன்பட்டவன், பேஸ்மென்டில் தண்ணீர் இல்லாமல் தூங்குகிறேனே. அவள் கேட்ட ஒரே ஒரு சொல்லை என் கையாலேயே தேய்த்து எடுத்தேன். முடிந்தபோது பட்டத்துக்கு முன்னால் வழவழப்பாக ஒரு பள்ளம் இருந்தது, சோப்பு வைக்கிற குழி மாதிரி.

மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும். குருவிகள் வந்து குடிக்கும். பிறகு ஊர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது, கல்லறைக்கு வருகிறவர்கள் போகும்போது அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து, "நல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சிலர் சிரித்துக்கொண்டே செய்தார்கள், சிலர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் செய்தார்கள். வெர்லின் அதைப் பார்ப்பதற்காகவே மத்தியானம் காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கோடையில் அவர் கொஞ்சம் சதை போட்டார்.

அக்டோபரில் மறுபடி நோட்டீஸ் வந்தது. கீழே கெண்ட்ராவின் கையெழுத்து. மேற்படி பள்ளம் பட்டத்துக்கு முன் ஓர் அடைமொழி இருந்ததைப் பார்ப்பவருக்கு உணர்த்துகிறது. இன்மையும் ஓர் அடைமொழியே என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பள்ளத்தை நிரப்பிச் சமன் செய்யாவிட்டால் சாவிப் பெட்டிகள் திறக்கா.

வெர்லின் அதைக் கொண்டுவந்து என் பட்டறையில், காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் படித்துவிட்டு, சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். அவர் சர்ச் போகிற மனிதர், ஆனாலும் தடுக்கவில்லை.

"என்ன பண்றது ஆர்லன்?"

"என்ன பண்றது? கலக்குறேன்."

கல்தூளையும் பசையையும் கிண்ணத்தில் போட்டுக் கலக்க ஆரம்பித்தேன். கல்லறைத் தோட்டம் பட்டறைக்கு எதிரேதான், ஆனாலும் கலந்த பிறகு கொஞ்ச நேரம்தான், இறுகிவிடும். அப்போது வெர்லினின் போன் அடித்தது. அவருக்குக் காது மந்தம் என்பதால் சத்தமாகவே வைத்துப் பேசுவார்.

"மிஸ்டர் ஸ்டக்கி? நான் கெண்ட்ரா. கெண்ட்ரா வான்டர்ஹூவன்."

"நிரப்பிக்கிட்டிருக்கோம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடும்."

"அதுக்கில்லைங்க." குரல் அலுவலகக் குரலாக இல்லை. "உங்க நம்பர் கல்லு போட்டோல இருந்துச்சு. நான் எங்கம்மாவுக்கு ஒரு வீடு வாங்குறேன். அம்மாவுக்கு மூச்சுத் தொந்தரவு. உங்க ஊர்ப் பக்கம்தான், மில் தெரு. செங்கல் வீடு, மறுபடி விலைக்கு வந்திருக்கு."

என் கையில் கரண்டி நின்றது.

"அழகான வீடு" என்றார் வெர்லின் மெதுவாக.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. ஆனா பேஸ்மென்ட்டுக்குப் போனா எனக்கு என்னவோ மாதிரி இருக்கு. யாரக் கேட்டாலும் பெயின்ட் புதுசுன்னு சொல்றாங்க. கேட்டவங்க எல்லாருமே ஹோம்வார்டன்தான்." போனில் ஒரு சின்ன அமைதி. தனியாக எங்கேயோ நின்றுகொண்டு காற்றில் வட்டம் போடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. "மிஸ்டர் ஸ்டக்கி, உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது... நல்ல ஆளா..."

எத்தனை நாளாக இதற்காகக் காத்திருந்தோம்! எனக்கு நாக்கு துறுதுறுத்தது. குத்திக் காட்டுமையா, 'எல்லாரும் ஒரே தரம்னு நீதானேம்மா சொன்னே'ன்னு அவளைக் கேளுமையா என்று வெர்லினுக்குக் கண்ணால் சைகை காட்டினேன். அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"ஒருத்தி இருந்தாம்மா" என்றார். "வந்து இருட்டுல நின்னு மோந்து பாத்து உள்ளதச் சொல்லியிருப்பா. எனக்கு மூக்கு சரியில்ல."

"வேற யாரும்...?"

"தெரியல. எங்க ரெண்டு பேர்ல அவதான்..." அவர் நிறுத்திக்கொண்டார். "அந்தச் சொல்ல நான் சொல்லக் கூடாதில்ல?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் குனிந்து போனருகே வாயை வைத்து, "அந்த வீட்ட வாங்காத. கீழ தண்ணி வரும்" என்றேன்.

"யாருங்க பேசுறது? உறுப்பினரா?"

"இல்ல. கல்லு செதுக்குறவன்."

"மன்னிச்சுக்குங்க சார். உறுப்பினர் இல்லாதவங்க சொல்றத வச்சு நான் முடிவெடுக்க முடியாது. விதி இருக்கு." அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது, அதனால் எனக்குக் கோபப்படவும் முடியவில்லை. பிறகு பழைய குரல் திரும்பி வந்தது. "அந்தப் பள்ளம், மிஸ்டர் ஸ்டக்கி. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"ஆயிடும்மா."

போனை வைத்தார். ட்வைலாவுடைய பழைய மேல்கோட்டைத்தான் அவர் அன்று போட்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். கிண்ணத்தைப் பார்த்தேன். பசை இறுகிக் கரண்டி அப்படியே நட்டுக்கொண்டு நின்றது.

"வீணாப் போச்சா?" என்றார் வெர்லின்.

"போச்சு."

வேறு கிண்ணம் எடுத்து மறுபடி கலக்க ஆரம்பித்தேன்.